பூனைக்குக் களிம்பு பூசிய பிறகு தோல் சிவந்தால், முடி கொட்டினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிச் சீமையில் பூனை வளர்ப்பவர்கள், தெருப்பூனைக்குச் சோறு வைப்பவர்கள், வீட்டிலிருக்கும் தைலம், எண்ணெய், மருந்துக்கடை டியூப் ஆகியவற்றைப் பூனைத் தோலில் பூசிவிட்டுக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே உள்ளன. பூனை நடுங்கிக்கொண்டிருந்தால் முதல் பதிலை மட்டும் படித்துவிட்டுக் கிளம்புங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம்.

இப்போதுதான் பூசினேன். வாயில் நுரை வருகிறது, உடம்பு வெட்டி வெட்டி இழுக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் நக்குவதைத் தடுங்கள். ஒரு துண்டில் கழுத்துவரை சுற்றி, தலை மட்டும் வெளியே தெரியும்படி பிடித்துக்கொள்ளுங்கள். கையுறை இல்லையென்றால் கையில் பாலிதீன் பை மாட்டிக்கொள்ளுங்கள். தோலில் மிச்சமிருக்கும் களிம்பைத் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் இன்னும் உள்ளே இறங்கும்.

அடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு இரண்டு மூன்று துளி விட்டு, பூசிய இடத்தை மட்டும் நுரைக்கக் கழுவுங்கள். பூனை நக்கி மருந்து மற்ற இடங்களிலும் பரவியிருந்தால் கழுத்துக்குக் கீழே முழுவதும் கழுவ வேண்டும். இரண்டு தடவை சோப்பு போட்டு, நல்ல தண்ணீரில் நன்றாக அலசுங்கள். தைலம், கிரீஸ் போலக் கெட்டியாக ஒட்டியிருந்தால் முதலில் சமையல் எண்ணெய் கொஞ்சம் தடவி இளக்கிவிட்டு, பிறகு சோப்பு போடுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம்; சூட்டில் தோலின் ரத்தக்குழாய் விரிந்து மருந்தை வேகமாக உறிஞ்சும். குளிர்ந்த தண்ணீரும் வேண்டாம். உடம்பு சில்லிட்டால் பெர்மெத்ரின் (நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் இருக்கும் பூச்சிமருந்து) நஞ்சில் நடுக்கம் கூடும். கழுவியதும் துவட்டி, உலர்ந்த துண்டில் சுற்றிவிடுங்கள்.

வலிப்பே வந்துவிட்டால் கழுவிக்கொண்டு நிற்காமல் உடனே வண்டியை எடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத்தண்ணீர், புளித்தண்ணீர், பால் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். நடுங்கும் பூனைக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். பாரசிட்டமால் துளிகூடக் கூடாது. அது பூனைக்குக் கொல்லும் மருந்து.

நாய்க்கு ஒன்றும் செய்யாத மருந்து பூனைக்கு மட்டும் ஏன் ஆகாது?

காரணங்கள் மூன்று. விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பங்கைப் பூனை உடம்பை நக்கியே கழிக்கிறது. ஆகவே அதன் தோலில் பூசுவது எதுவானாலும் அதன் வாய்க்குப் போகும் என்று வைத்துக்கொண்டுதான் மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தப் பக்கத்திலுள்ள பாதி பதில்களுக்கு அடிப்படை இதுதான்.

இரண்டாவது கல்லீரல். டெட்டால், தைலம் போன்றவற்றிலுள்ள ஃபீனால், சாலிசிலேட் வகைப் பொருள்களைக் கரையும் வடிவத்துக்கு மாற்றி வெளியேற்றும் வேலையைக் குளுக்குரோனைல் டிரான்ஸ்ஃபெரேஸ் நொதிகள் செய்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்றை உண்டாக்கும் மரபணுவான யுஜிடி1ஏ6 பூனை இனத்தில் செயலிழந்து கிடக்கிறது. நாயும் மனிதனும் ஒரு நாளில் கழித்துவிடும் பொருள் பூனை உடம்பில் நாள்கணக்கில் தங்கி, அடுத்த தடவை பூசும்போது அதன்மேல் சேர்கிறது. முதல் நாள் ஒன்றும் செய்யாத மருந்து மூன்றாம் நாள் படுக்க வைப்பது இப்படித்தான்.

மூன்றாவது எடை. நம் ஊர்ப் பூனை 3 கிலோவோ 4 கிலோவோ இருக்கும். மனிதனுக்கு ஒரு விரல்நுனிக் களிம்பு அற்பம், பூனைக்கு அப்படியில்லை.

சிவந்தது மருந்தினாலா, ஏற்கெனவே இருந்த நோய் கூடியதாலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

சிவப்பின் எல்லையைப் பாருங்கள். களிம்பு எதுவரை பரவியதோ அதுவரை மட்டும் சிவந்து, கோடு போட்டதுபோல் நின்றால் மருந்தின்மேல்தான் சந்தேகம். பின்கழுத்தில் விட்ட சொட்டு வழிந்த பாதையில் நீளவாக்கில் முடி கொட்டியிருப்பதும் அதே கதைதான். பூசாத காதில், காலில், வாலடியில் புதிதாகப் பொருக்கு கிளம்பினால் நோய் பரவுகிறது என்று பொருள்.

நேரத்தையும் பாருங்கள். பூசிய நிமிடமே பூனை துள்ளி ஓடி அந்த இடத்தை நக்கினால் எரிச்சல். ஸ்பிரிட், தைலம் போன்ற காரமான பொருள் இருந்திருக்கும். முதல் சில தடவை ஒன்றும் செய்யாமல், பிறகு பூசிய ஒன்று முதல் மூன்று நாளுக்குள் சிவந்து, சிறு கொப்புளமும் அரிப்பும் வந்தால் ஒவ்வாமை. அது உடம்பு அந்தப் பொருளை முன்பே அறிந்துவைத்த பிறகுதான் வரும். ஆகவே 'போன மாதம் இதே மருந்துதான் போட்டோம், ஒன்றும் ஆகவில்லை' என்பது ஒவ்வாமை இல்லை என்பதற்குச் சான்றாகாது.

இன்னொரு வகையும் உண்டு. மருந்தில் குற்றமே இருக்காது. பிசுபிசுப்பு பிடிக்காமல் பூனை நக்கிக்கொண்டே இருக்கும். அதன் நாக்கு அரம். ஒரே இரவில் ஒரு சிறு கீறலை எட்டணா அகலத்துக்குப் பச்சைப் புண்ணாக்கிவிடும். நக்கவிடாமல் தடுக்கும் புனல்போன்ற கழுத்துப்பட்டை போட்டதும் இரண்டு நாளில் புண் சுருங்கினால் நக்கியதுதான் காரணம்.

களிம்பில் எந்தப் பொருள் பெரும்பாலும் தொல்லை கொடுக்கும்?

ஒவ்வாமை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக். எரிச்சல் என்றால் மருந்தைவிட அதைக் குழைத்த அடிப்பொருளே பல சமயம் காரணம்: புரோப்பிலீன் கிளைகால், ஆல்கஹால், மணத்துக்குச் சேர்த்த எண்ணெய்கள். புரோப்பிலீன் கிளைகால் அதிகமாக வயிற்றுக்குள் போனால் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களையும் கெடுக்கும். ஆகவே டாக்டர் மாற்று டியூப் எழுதும்போது பழைய டியூபைக் காட்டுங்கள். வேறு பெயரில் அதே அடிப்பொருள் வந்தால் அதே சிவப்புதான் வரும்.

'எங்க ஆச்சி சுண்ணாம்பும் மஞ்சளும் குழைச்சுப் புண்ணுல தடவச் சொல்லுதாக. தடவலாமா?'

ஆச்சி சொன்னது மனிதன் காலில் முள் குத்தியதற்கு. பூனைக்கு வேண்டாம். சுண்ணாம்பு கடுங்காரம். மெல்லிய பூனைத் தோலைச் சுட்டுவிடும். நக்கினால் நாக்கும் உதடும் வெந்துபோகும். மஞ்சள் தனியாகப் பெரிய கேடு செய்யாது. ஆனால் தோலையும் முடியையும் மஞ்சளாக்கிவிடுவதால் சிவப்பு கூடுகிறதா குறைகிறதா என்று தெரியாமல் போகும். மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று டாக்டர் தோலைப் பார்த்துச் சொல்லவும் முடியாது.

வேப்பெண்ணெய், கற்பூரம் கலந்த தேங்காயெண்ணெய், தைலம், டெட்டால்: இவை காலங்காலமாகப் போடுகிறவைதானே?

மாட்டுக்குப் போட்டிருப்போம், நாய்க்குப் போட்டிருப்போம். பூனைக்கு இந்த நாலும் ஆகாது.

வேப்பெண்ணெயை நக்கிய பூனைக்கு எச்சில் ஒழுகும், உடம்பு சில்லிடும், தள்ளாடும், மிஞ்சினால் நடுங்கும். வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர் அந்த அளவுக்குக் காரமில்லைதான். ஆனால் அதில் குளிப்பாட்டினால் சொறி தீரும் என்று நம்பி இரண்டு வாரத்தைக் கடத்துவதுதான் பெரிய நட்டம்.

கற்பூரம் தோல் வழியாகவே உள்ளே இறங்கி வலிப்பை உண்டாக்கக்கூடியது. தேங்காயெண்ணெயில் காய்ச்சினால் இறங்குவது இன்னும் எளிது. வெறும் தேங்காயெண்ணெய் கொஞ்சமாகத் தடவினால் கேடில்லை. கூடினால் வயிற்றால் போகும். தரையில் படுக்கும் குட்டிக்கு எண்ணெய் பூசினால் எறும்பு மொய்க்கும் என்பதையும் யாரும் சொல்வதில்லை.

தலைவலித் தைலம், மூட்டுவலித் தைலம், நீலகிரித் தைலம் ஆகியவற்றில் மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய், மெத்தில் சாலிசிலேட் ஆகியவற்றில் ஒன்றிரண்டாவது இருக்கும். மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினின் உறவு. பூனையின் கல்லீரலால் அதைச் சமாளிக்க முடியாது.

டெட்டாலில் உள்ள குளோரோசைலினால் ஃபீனால் வகை. பினாயிலும் அதே குடும்பம். பினாயில் போட்டுத் துடைத்த தரை காயும் முன் பூனை நடந்து பாதத்தை நக்கியே நாக்கு புண்ணாகிப்போகும். 'களிம்பே போடவில்லை, பாதமும் உதடும் மட்டும் சிவந்திருக்கிறது' என்று வருபவர்களிடம் தரை துடைப்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

குப்பைமேனி இலையை உப்பு வைத்து அரைத்துப் பூசுவது?

மனிதத் தோலுக்கு இங்கே எல்லாரும் செய்வதுதான். பூனைக்கு அதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. குப்பைமேனி வேர் என்றால் பூனை மயங்கி உருளும். வேரோடு பிடுங்கி அரைத்துப் பூசினால் நக்காமல் விடவே விடாது. திறந்த புண்ணில் உப்பின் எரிச்சல் வேறு. வேண்டாம்.

உண்ணி, பேனுக்குப் புகையிலைத் தண்ணீர் தெளிக்கலாமா? வீட்டில் பீடித்தூள் இருக்கிறது.

மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் இந்தக் கேள்வி வரும். கூடவே கூடாது. நிக்கோட்டின் தோல் வழியாகவும் இறங்கும், நக்கினாலும் இறங்கும். அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் எச்சில், வாந்தி, வேகமான மூச்சு, நடுக்கம் என்று தொடங்கும். பீடி சுற்றிய கையோடு பூனைப் புண்ணுக்கு மருந்து பூசுவதையும் தவிருங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தொடுங்கள்.

'மெடிக்கல்ல படைக்குன்னு ஒரு டியூப் குடுத்தாவ. பூனைக்கும் வட்டமா முடி கொட்டியிருக்கு. அதையே போடலாமா?'

அட்டையைத் திருப்பி உள்ளடக்கத்தைப் படியுங்கள். மூன்று வகையில் ஒன்றாக இருக்கும்.

பென்சாயிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் என்றிருந்தால் அது விட்ஃபீல்டு களிம்பு. 6 சதவீதம் பென்சாயிக், 3 சதவீதம் சாலிசிலிக். இரண்டுமே பூனைக்கு நஞ்சு. தூக்கி ஓரமாக வையுங்கள்.

குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டோடு ஒரு பூஞ்சை மருந்தும் ஒன்றிரண்டு ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்த கூட்டுக் களிம்பு என்றால், நம் கடைகளில் அதிகம் கைமாறும் சரக்கு அதுதான். போட்ட இரண்டாம் நாளே சிவப்பும் அரிப்பும் அடங்கும். ஸ்டீராய்டு அழற்சியை மட்டும் அமுக்கும். தோலின் காவல் தளர்ந்ததால் பூஞ்சை அடியில் பரவும். இரண்டு வாரம் கழித்து வட்டம் பெரிதாகி, ஓரம் மங்கி, ஆய்வுக்கூடத்தில் பார்த்தால்கூடக் குழம்பும் நிலைக்கு வந்துவிடும். தொடர்ந்து பூசினால் தோல் காகிதமாக மெலியும். நக்கி உள்ளே போகும் ஸ்டீராய்டு அட்ரினல் சுரப்பியின் வேலையையும் குலைக்கும்.

மைக்கோனசோலோ குளோட்ரிமசோலோ மட்டும் என்றால் நஞ்சு என்ற பயம் குறைவு. ஆனாலும் பூனைப் படையைக் களிம்பு மட்டும் தீர்ப்பதில்லை. மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை முடிக்குள்ளேயே இருக்கும். வெளியே ஒரு வட்டம் தெரிந்தால் தெரியாத இடத்திலும் இருக்கும். அதனால்தான் டாக்டர்கள் ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் விடும் முறையில் இட்ரகோனசோல் வாய்மருந்தும், உடம்பு முழுக்க மைக்கோனசோல், குளோர்ஹெக்சிடின் கலந்த ஷாம்பூவும் எழுதுகிறார்கள். குற்றாலச் சாரல் காலத்தில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஈரம் காயாத வீடுகளில் பிசுபிசுப்பான களிம்பைத் தடித்துப் பூசினால் தோல் ஊறி வெளுத்துப்போவதும் உண்டு. வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் படை வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது பூனையிடமிருந்து மனிதருக்குத் தொற்றும்.

காது ஓரம், நெற்றி, முகமெல்லாம் சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டி, ஓயாமல் சொறிகிறது. என்ன பூசுவது?

நம் தெருப்பூனைகளில் இப்படி வந்தால் பெரும்பாலும் நோட்டோட்ரஸ் என்ற சிற்றுண்ணி உண்டாக்கும் சொறி. காது விளிம்பில் தொடங்கி முகம், பிறகு முன்னங்கால் என்று இறங்கும். இதற்குப் பூசும் மருந்து தேடி அலைய வேண்டாம். செலாமெக்டின் சொட்டு மருந்தோ, டாக்டர் எடை பார்த்துப் போடும் ஐவர்மெக்டின் ஊசியோ போதும். ஒரு தடவையில் முடியாது. அடுத்தது எப்போது என்பதை டாக்டர் சொல்வார். கூட இருக்கும் எல்லாப் பூனைக்கும் ஒரே நாளில் போட வேண்டும்.

மனிதச் சொறி சிரங்குக்கு விற்கும் பெர்மெத்ரின் கிரீம், பென்சைல் பென்சோயேட் லோஷன், காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு என்கிற லிண்டேன் மூன்றும் பூனைக்கு ஆகாதவை. நாய்ச் சொறிக்குத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டும் அமிட்ராஸும் அப்படித்தான்: பூனை மயங்கும், நாடி குறையும், உடம்பு சில்லிடும். பொருக்கைப் பிய்த்து எடுத்துவிட்டு மருந்து போடுவது இன்னொரு கெட்ட பழக்கம். பச்சைத் தோலில் எந்த மருந்தும் இரண்டு மடங்கு எரியும், இரண்டு மடங்கு உள்ளே இறங்கும்.

பின்கழுத்தில் விடும் சொட்டு மருந்துக்குப் பிறகு அந்த இடத்தில் முடி கொட்டிவிட்டது. நிறுத்த வேண்டுமா?

பூனைக்கென்றே உள்ள ஃபிப்ரோனில், செலாமெக்டின் சொட்டுக்குப் பிறகு முடி ஈரமாக ஒட்டி நிற்பது, வெள்ளைப் பொடி படிவது, ஒரு ரூபாய் அகலத்துக்கு முடி உதிர்வது எல்லாம் சில பூனைகளுக்கு நடக்கும். அரிப்பும் புண்ணும் இல்லாவிட்டால் தானாகச் சரியாகும். சிவந்து கொப்புளித்தால் கழுவிவிட்டு, அடுத்த தடவை வேறு மருந்து கேளுங்கள். சொட்டு மருந்து விடும் முன் இரண்டு நாளும் விட்ட பின் இரண்டு நாளும் குளிப்பாட்டக் கூடாது. முடியை விலக்கித் தோலில்தான் விட வேண்டும், அதுவும் நாக்கு எட்டாத தலையடியில். முதுகில் விட்டால் திரும்பி நக்கி, கசப்பில் நுரை தள்ளும். அதைப் பார்த்து நஞ்சு என்று பயப்படுவார்கள். நடுக்கமில்லாத வெறும் நுரை சற்று நேரத்தில் நின்றுவிடும்.

பெரிய ஆபத்து நாய் மருந்தைப் பங்கு போடுவது. நாய்க்கான சில சொட்டுகளில் பெர்மெத்ரின் 45 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். 'கால்வாசிதானே விட்டேன்' என்ற கணக்கு இங்கே செல்லாது. சில மணி நேரத்தில் காது துடிக்கும், முகம் வெட்டும், பிறகு உடம்பே நடுங்கும். மூன்று நாள் கழித்துத் தொடங்குவதும் உண்டு. மருத்துவமனையில் மெத்தோகார்பமால் போன்ற மருந்தால் நடுக்கத்தை அடக்கி இரண்டு மூன்று நாள் தாங்கிப் பிடித்தால் பெரும்பாலானவை பிழைக்கும். ஒரே வீட்டில் நாயும் பூனையும் ஒட்டிப் படுக்கும் என்றால், நாய்க்கு அந்த மருந்தே வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கண், காது மருந்திலும் இப்படி வருமா?

கண்ணுக்குப் போடும் ஆன்டிபயாட்டிக் களிம்பினால், முக்கியமாகப் பாலிமிக்சின் பி உள்ளவற்றால், பூனைக்கு உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை அதிர்ச்சி வந்தது பதிவாகியிருக்கிறது. மிக அரிது. ஆனால் வந்தால் நிமிடங்களிலிருந்து சில மணிக்குள் முகம் வீங்கி, வாந்தி எடுத்து, வாயால் மூச்சு வாங்கிச் சாயும். ஆகவே முதல் தடவை போட்ட பிறகு நாலு மணி நேரமாவது பூனை கண்ணெதிரில் இருக்கட்டும். இரவு பத்து மணிக்கு முதல் டோஸ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். கண்ணில் கருவிழிப் புண் இருக்கிறதா என்று சாயம் விட்டுப் பார்க்காமல் ஸ்டீராய்டு கலந்த சொட்டு போடுவதும் கூடாது. புண் ஆழமாகிவிடும்.

காதில் நியோமைசின், ஜென்டாமைசின் சொட்டு விட்ட பிறகு தலை ஒரு பக்கம் சாய்ந்தாலோ, வட்டமடித்தாலோ, கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ, செவிப்பறை ஏற்கெனவே கிழிந்திருந்து மருந்து உட்காது வரை போயிருக்கலாம். நிறுத்திவிட்டு அன்றே காட்டுங்கள்.

பூனைக்கு நான் எதுவும் பூசவில்லையே?

நீங்கள் உங்களுக்குப் பூசியிருப்பீர்கள். மூட்டுவலிக்கு ஃப்ளர்பிப்ரோஃபென் கிரீம் பூசியவர்களின் வீட்டுப் பூனைகள் நோயுற்று இறந்ததைக் குறிப்பிட்டு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015-இல் எச்சரிக்கை வெளியிட்டது. இங்கே அந்த இடத்தில் டைக்ளோஃபினாக் ஜெல். முடி வளர மினாக்சிடில் தலையில் விட்டுக்கொண்டு, அதே தலையணையில் பூனையைப் படுக்கவிடுவது அதைவிட மோசம். சில துளியே இதயத்தையும் நுரையீரலையும் பாதிக்கும். சோரியாசிஸுக்கான கால்சிபோட்ரையால் களிம்பும் பூனைக்கு எட்டக் கூடாது. பூசிய இடத்தைத் துணியால் மூடுங்கள், கை கழுவுங்கள், தீர்ந்த டியூபைக் குப்பையில் திறந்து போடாதீர்கள்.

புண்ணில் புழு வைத்துவிட்டது. டர்பன்டைன் விடலாமா?

மாட்டுப் புண்ணுக்கு விடுவதைப் பார்த்துக் கேட்கிறீர்கள். டர்பன்டைன், பூச்சி உருண்டைப் பொடி, கமாக்சின் பூச்சிக்கொல்லித் தூள் மூன்றும் பூனைக்கு நஞ்சு. புழுவோடு பூனையும் போய்விடும். உப்புநீரால் பீய்ச்சிக் கழுவி, தெரிகிற புழுக்களை மழுங்கிய இடுக்கியால் எடுத்து, ஈ உட்காராமல் மெல்லிய துணி சுற்றி அன்றே டாக்டரிடம் கொண்டுபோங்கள். உள்ளே இருப்பவை சாக வேறு மருந்து இருக்கிறது.

அப்படியானால் புண்ணைக் கழுவ எதுதான் பாதுகாப்பு?

முதலில் உப்புநீர். மருந்துக்கடையில் ட்ரிப் போடும் நார்மல் சலைன் புட்டி வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் செய்வதென்றால் கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் 4.5 கிராம் கல் இல்லாத உப்பு. தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு. அன்றைக்குச் செய்ததை அன்றே கொட்டிவிடுங்கள்.

கிருமிநாசினி வேண்டுமென்றால் குளோர்ஹெக்சிடின் 0.05 சதவீதம். 2 சதவீதக் கரைசல் 5 மில்லி, தண்ணீர் 195 மில்லி. கையில் தேய்க்கும் நீல நிற ஸ்பிரிட் கலந்த திரவம் வேண்டாம், சோப்பு கலந்த ஸ்கிரப்பும் வேண்டாம். கண்ணிலும் காதுக்குள்ளும் படக் கூடாது. போவிடோன் அயோடின் 5 சதவீதமாக இருந்தால் 5 மில்லிக்கு 95 மில்லி தண்ணீர். பால் விடாத லேசான டீ நிறத்தில் இருக்க வேண்டும். கெட்டியாகப் போட்டால் நல்ல திசுவும் சாகும், பூனையும் நக்கும்.

செட்ரிமைடு கலந்த கிருமிநாசினிகளைத் தவிருங்கள். நக்கினால் நாக்கில் புண் வரும். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஆறிவரும் தசையை அரித்துவிடும். கலமைன் லோஷனில் துத்தநாகம் இருக்கிறது. அதுவும் நக்கக் கூடாத சாமான்.

டாக்டர் எழுதிய களிம்பை எவ்வளவு, எப்படிப் பூசுவது?

ஒரு ரூபாய் அகலப் புண்ணுக்கு ஒரு மிளகு அளவு தாராளம். சுற்றியுள்ள முடியைக் கத்தரித்து, புண்ணைக் கழுவி, முழுதாக உலர்ந்த பிறகு, விரலில் உறை மாட்டிக்கொண்டு மெல்லிய படலமாகத் தடவுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அளவு கூடிவிட்டது. பூசியதும் சோறு வையுங்கள், பிறகு கொஞ்சம் விளையாட்டுக் காட்டுங்கள். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் நக்காமல் போனாலே மருந்தில் கணிசமான பங்கு உள்ளே இறங்கியிருக்கும்.

ஆனால் கழுத்துப்பட்டைக்கு மாற்று இல்லை. கடையில் கிடைக்காவிட்டால் பழைய பெரிய எக்ஸ்ரே ஃபிலிம் போதும். 34 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் வெட்டுங்கள். நடுவே 11 செ.மீ. விட்டத்தில் இன்னொரு வட்டத்தை வெட்டி எடுங்கள். ஓரத்திலிருந்து நடுவரை ஒரு நேர்வெட்டு. இரு நுனிகளையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிப் புனல்போல் சுருட்டி, கழுத்தளவுக்கு வந்ததும் ஒட்டுங்கள். சுமார் 22 செ.மீ. கழுத்துள்ள பூனைக்கு இந்த அளவு சரிவரும். கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், விளிம்பு மூக்கைத் தாண்டி ஓரிரு செ.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்விளிம்பில் துணிப் பிளாஸ்திரி ஒட்ட மறந்தால் ஃபிலிமே கழுத்தை அறுத்துப் புதுப் புண் தந்துவிடும். முதல் நாள் பின்னாலேயே நடக்கும், சுவரில் முட்டும், கோபித்துக்கொண்டு கட்டிலடியில் போய்க் கிடக்கும். இரக்கப்பட்டுக் கழற்றாதீர்கள். சோற்றுத் தட்டை மட்டும் சிறியதாக மாற்றுங்கள்.

முதலில் கொஞ்சமாகப் பூசிப் பார்த்துவிட்டுப் பிறகு போடலாமா?

டாக்டர் எழுதிய மருந்தென்றால் நல்ல பழக்கம். நல்ல தோலில் ஒரு துளி தடவி, நக்கவிடாமல் இரண்டு நாள் பாருங்கள். எரிச்சலை இது காட்டிக்கொடுக்கும். நஞ்சைக் காட்டாது: ஒரு துளி தைலத்தில் ஒன்றும் ஆகவில்லை என்பதால் தைலம் பூனைக்கு ஆகும் என்றாகிவிடாது.

வெள்ளைப் பூனை. கோடையில் காது நுனி சிவந்து தோல் உரிகிறது. சன்ஸ்கிரீன் பூசலாமா?

மனித சன்ஸ்கிரீன் வேண்டாம். சாலிசிலேட்டும் துத்தநாக ஆக்சைடும் பல வகைகளில் உண்டு. கத்திரி வெயிலில் காலை பத்து முதல் மாலை நாலு வரை மொட்டைமாடிக்கும் ஓட்டுக்கூரைக்கும் போகவிடாமல் வைப்பதுதான் மருந்து. நுனி தடித்து, ஆறாமல் பொருக்குக் கட்டிக்கொண்டே இருந்தால் எந்தக் களிம்பும் போடாமல் காட்டுங்கள். வெள்ளைப் பூனைக் காதில் வெயில் புற்றாக மாறுவது உண்டு.

பால் கொடுக்கும் தாய்ப்பூனைக்கு?

வயிறு, மடிப் பக்கம் எதையும் பூசாதீர்கள். குட்டி வாயில்தான் போகும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிக்குச் சொட்டு மருந்து எதையும் டாக்டரைக் கேட்காமல் விடாதீர்கள்.

அரிப்புக்கு அவில், செட்டிரிசின் கொடுத்து வைக்கலாமா?

நீங்களாக வேண்டாம். மனித மாத்திரையை எப்படி உடைத்தாலும் அளவு தவறும். சில சிரப்புகளில் பாரசிட்டமாலும் கலந்திருக்கும்.

எங்கே கொண்டுபோவது? என்ன எடுத்துப் போவது?

திருநெல்வேலியில் ராமையன்பட்டியிலுள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியின் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அந்தந்த ஊர் கால்நடை மருத்துவமனைக்கும் போகலாம். இரவுக்கு யார் இருப்பார்கள் என்று பகலிலேயே விசாரித்து எண்ணைக் குறித்துவையுங்கள். 1962-க்கு அழைத்தால் வரும் ஊர்தி முக்கியமாக ஆடுமாடுகளுக்கானது. பூனை நடுங்கும்போது அதற்காக வாசலில் காத்திருக்க வேண்டாம்.

கையில் எடுத்துப்போக வேண்டியது டியூபும் அட்டையும். 'வெள்ளை நிறத்தில் ஒரு மருந்து' என்று சொன்னால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. எத்தனை மணிக்கு, எவ்வளவு, எந்த இடத்தில் பூசினீர்கள், எப்போது கழுவினீர்கள், பூனையின் எடை ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நடுக்கம் விட்டு விட்டு வந்தால் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை மேசையில் பல பூனைகள் விறைத்து அசையாமல் கிடந்துவிடும். கூடையின் அடியில் வெயில் சூடு ஏறாமல் தடித்த துணி போடுங்கள். பகல் இரண்டு மணி பஸ்ஸில் தகரக் கூடையில் வைத்துக் கொண்டுவந்த பூனைக்கு நஞ்சைவிட வெக்கைதான் முதல் வியாதி.

சிவப்பு எப்போது அடங்கும்? கொட்டிய முடி திரும்ப முளைக்குமா?

வெறும் எரிச்சல் என்றால் கழுவி, நக்காமல் தடுத்த இரண்டு மூன்று நாளில் அடங்கும். ஒவ்வாமைக்கு ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம். வெந்து தோல் கருத்து உரிந்திருந்தால் அது தீப்புண் கணக்கு. டாக்டர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முடி ஒரு மாதத்தில் மெல்லிய பஞ்சுமயிராகத் தலைகாட்டி, இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும். சில இடத்தில் நிறம் மாறி முளைக்கும். தழும்பு விழுந்த இடத்தில் முளைக்காது. முளைப்பதற்கென்று அங்கே எதையும் பூசிவிடாதீர்கள்.